பேரப்புள்ளைங்கள பாரம்னு மட்டும் எழுதாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மேற்கு மாம்பலத்துல இருந்து எழுதறேன், கார்ப்பரேஷன் ஸ்கூல்ல தமிழ் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. உங்க பேப்பர எங்க வீட்டுல ரொம்ப வருஷமா வாங்கறோம், காலைல காபியோட அவரு முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிப்பாரு நான் கடைசி பக்கத்துல இருந்து ஆரம்பிப்பேன், நடுவுல எங்கயாவது மாத்திக்குவோம். இதுவரைக்கும் ஒரு லெட்டர் போடணும்னு தோணுனது இல்ல. ஆனா கொஞ்ச காலமா எந்த பேப்பர எடுத்தாலும் எந்த டிவியப் போட்டாலும் ஒரே பேச்சா இருக்கு, வயசான காலத்துல நிம்மதியா இருக்க விடாம பேரன் பேத்திய தலையில கட்டிட்டு வேலைக்குப் போயிடறாங்க, பாட்டிங்க எல்லாம் சம்பளம் இல்லாத ஆயா ஆயிட்டாங்கன்னு. போதாததுக்கு அதையே வெட்டி வாட்ஸ்அப்ல வேற அனுப்பறாங்க, எனக்கே எங்க சொந்தக்காரங்க குரூப்ல வந்துச்சு, கீழ அழுவற பொம்மை போட்டு.

அதுல உண்மையே இல்லன்னு நான் சொல்ல வரல. முடியாதவங்க இருக்காங்க, சர்க்கரை, கால் வீக்கம், ராத்திரி தூக்கம் கெடையாது, வேண்டாம்னு சொல்ல வாயும் வராது, அந்த மாதிரி அம்மாக்கள எனக்கே தெரியும். அவங்க கஷ்டத்த எழுதத்தான் வேணும். ஆனா அது ஒண்ணுதான் கதைன்னு ஆயிடுச்சுன்னா, எட்டரை மணி எப்ப ஆகும் ஆட்டோ சத்தம் எப்ப கேக்கும்னு வாசல்ல வந்து நிக்கற எங்கள மாதிரி பாட்டிங்க கதைய யாருங்க எழுதறது? அதான் நானே எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்குங்க.

எனக்கு ரெண்டு பேரு. பொண்ணு வயித்துப் பேத்திக்கு ஒன்றரை வயசு, பையன் வயித்துப் பேரனுக்கு ஒம்போது மாசம் முடிஞ்சிடுச்சு. பையனும் மருமகளும் எங்க கூடதான் இருக்காங்க, பொண்ணு அசோக் நகர்ல இருந்து ஆபீஸ் போற வழில பேத்திய எங்கிட்ட விட்டுட்டுப் போவா. மருமக வேலை பாக்கறது தனியார் கம்பெனி, அவங்களுக்கு சட்டப்படி பிரசவ லீவு 26 வாரம், அது 2017ல சட்டத்த மாத்துனப்ப வந்தது, அதுக்கு முன்னாடி 12 வாரம்தான். நம்ம தமிழ்நாட்டு கவர்மென்ட் ஊழியருங்களுக்கு 2021ல இருந்து 12 மாசம் குடுக்கறாங்க, அது நல்ல விஷயம். இந்த 26 வாரம்ன்ற கணக்க நீங்க கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, சரியா ஆறு மாசம். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணி கூட வேண்டாம்னு டாக்டருங்க சொல்றாங்க இல்லையா. பால், தூக்கம், அழுகை, ஈரத்துணி, ராத்திரி கண்ணு முழிக்கறது எல்லாத்தையும் அந்தப் பொண்ணுதான் பாத்துச்சு. லீவு முடிஞ்சு அது லேப்டாப் பையத் தூக்கிட்டுப் போற அன்னிக்குத்தான் இவன் உக்கார ஆரம்பிக்கறான், சோறு திங்க ஆரம்பிக்கறான், ஆளப் பாத்து சிரிக்கறான், தாத்தாவோட கண்ணாடியப் புடுங்கறான். அம்மாக்காரிக்கு கஷ்டத்தக் குடுத்துட்டு எங்களுக்கு வேடிக்கையக் குடுத்திருக்காங்க. இதப் போயி பாரம்னு சொன்னா என் மருமக முகத்துல நான் எப்படிங்க முழிக்கறது?

காலைல குளியல்ல இருந்து சொல்றேன். மணை போட்டு உக்காந்து காலு ரெண்டையும் நீட்டி, முட்டிக்குக் கீழ இவனக் குப்புறப் போட்டு, தேங்காண்ணெய் தடவி, பயத்தமாவு கொஞ்சமா போட்டு, வெதுவெதுன்னு தண்ணி ஊத்தறது. மூக்குல காதுல எண்ணெய் விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, சாம்பிராணி புகையும் வேண்டாம்னுட்டாரு, ரெண்டையும் விட்டாச்சு, ஆனா கால்ல போட்டு குளிப்பாட்டறத யாரும் வேண்டாம்னு சொல்லல. முதுகுல சொம்புத் தண்ணி விழும்போது இவன் ரெண்டு கையையும் முன்னால நீட்டி ஆஆஆன்னு ஒரு ராகம் இழுப்பான் பாருங்க, தண்ணி நின்னா ராகமும் நிக்கும், திரும்ப ஊத்துனா விட்ட எடத்துல இருந்து தொடங்குவான். பேத்திக்கு அவங்க வீட்லயே குளிச்சு பவுடர் போட்டுதான் அனுப்பறாங்க, ஆனா அவ சும்மா இருக்க மாட்டா. பாத்ரூம் வாசல்ல அவளும் காலை நீட்டி உக்காந்து, மரப்பாச்சி பொம்மைய கால்ல குப்புறப் போட்டு, வெறும் டம்ளர்ல தண்ணி ஊத்தற மாதிரி ஊத்தி, உஸ்ஸு உஸ்ஸுன்னு வாயால சத்தம் குடுத்து, கடைசில பொம்மைய நிமித்தி மூக்கப் புடிச்சு விடுவா. நான் இவனுக்கு மூக்கப் புடிச்சு விடறதே கெடையாது. எங்க கத்துக்கிட்டான்னு தெரியல, அவங்க அப்பா வழி பாட்டி அவளுக்கு செஞ்சிருப்பாங்க போலிருக்கு, அது ஞாபகம் இருக்குமா இந்த வயசுலன்னு நானும் அவரும் ஒரு சாயங்காலம் பூரா பேசிட்டு இருந்தோம்.

அடுத்து நான் சொல்லப் போறதுக்காகத்தான் முக்கியமா இந்த லெட்டர். நான் தமிழ் டீச்சர்னு சொன்னேன்ல, சாமியையோ பெரியவங்களையோ கொழந்தையா நெனச்சுப் பாடற பிள்ளைத்தமிழ எத்தன வகுப்புக்கு நடத்தியிருப்பேன். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலின்னு ஏழு பருவம் பொது, அப்புறம் ஆண்பாலுக்கு சிற்றில், சிறுபறை, சிறுதேர்னு மூணு, பெண்பாலுக்கு வேற மூணு, ஆக மொத்தம் பத்துன்னு போர்டுல எழுதிப் போட்டு, பரிச்சைக்கு இது கட்டாயம் வரும் மனப்பாடம் பண்ணுங்கன்னு சொல்லியிருக்கேன். செங்கீரைன்னா ஒரு கால மடக்கி ஒரு கால நீட்டி, ரெண்டு கையையும் தரையில ஊனி, தலைய நிமித்தி ஆடறதுன்னு பாடம். சொல்லிக் குடுத்தேனே தவிர நின்னு பாத்தது இல்லைங்க. என் பொண்ணும் பையனும் ஆடத்தான் ஆடியிருப்பாங்க, அப்ப நான் ஸ்கூலுக்கு ஓடிட்டு இருந்தேன், எங்க மாமியார்தான் பாத்திருப்பாங்க. இப்ப இந்தப் பய நடுக்கூடத்துல பாய் மேல அதே மாதிரி, ஒரு கால் மடங்கி ஒரு கால் நீண்டு கை ரெண்டும் ஊனி, எச்சி ஒழுக தலைய நிமித்தி முன்னயும் பின்னயும் ஆடுனான், போகவும் தெரியல விழவும் இல்ல, ஆடிட்டே இருந்தான். நான் அடுப்ப அணைச்சுட்டு வந்து தரையில அவன் எதிர்ல படுத்துட்டேன். பாடுனவங்க இத எவ்வளவு கிட்ட இருந்து பாத்திருக்கணும்! ஐஞ்சாம் மாசம்னு நூல்ல இருக்கும், இவனுக்கு ஏழு மாசம் ஆச்சு, அது பரவால்ல. சப்பாணிக்கு, அதான் கை கொட்டறதுக்கு, ஒம்போதாம் மாசம்னு சொல்லுவாங்க, அதுல மட்டும் கரெக்டா வந்துட்டான், போன வாரத்துல இருந்து கை தட்டறான். பால் பாக்கெட்டப் பாத்தா தட்டறான், ஃபேன் சுத்துனா தட்டறான், காலைல குப்பை வண்டி பாட்டுப் போட்டுட்டு தெருவுக்குள்ள வருதுல்ல, அதுக்கு ஒரு பெரிய தட்டல்.

சிற்றில் கதை இதவிட ஜோரு. பொம்பளைப் புள்ளைங்க மணல்ல சின்ன வீடு கட்டி வெளயாட, ஆம்பளைப் புள்ள வந்து கால்ல சிதைக்கறது, சிதைக்காதேன்னு அவங்க கெஞ்சறதுதான் பாட்டு. எங்க வீட்டுல மணலுக்கு எங்க போறது, எவர்சில்வர் டம்ளர்தான். பேத்தி மூணு டம்ளர ஒண்ணு மேல ஒண்ணா கவுத்து அடுக்குவா, நாக்க ஓரமா நீட்டிட்டு, மூச்சு கூட விடாம. கடைசி டம்ளர வச்சதும் மெதுவா நம்மளப் பாப்பா. அதுக்குள்ள அந்த மூலையில இருந்து இவன் கிளம்பியிருப்பான், முட்டி போட்டு தடதடன்னு வந்து ஒரே தட்டு, வீடு பூரா சத்தம். முதல்ல எல்லாம் அவ அழுதா, எங்கிட்ட வந்து தம்பியக் கை காட்டி புகார் சொன்னா. இப்ப என்ன தெரியுமா, அடுக்கி முடிச்சதும் அவளே உக்காந்த எடத்துல இருந்து "தம்பி, வா வா"ன்னு கூப்பிடறா. அவன் வந்து தட்டி விட்டதும் ரெண்டு பேரும் சேந்து கெக்கெக்கேன்னு சிரிக்கறாங்க. ஒரு நாளு அவன் தூங்கிட்டு இருந்தான், அவ அடுக்கி வச்சுட்டு ரொம்ப நேரம் தூளியப் பாத்துட்டே இருந்தா, தட்டறதுக்கு ஆளு இல்ல. அப்புறம் எங்கிட்ட வந்து என் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி டம்ளர் மேல வச்சா. நான்தான் சிதைச்சேன். இந்த மாதிரி ஒரு பாட்ட யாரும் எழுதலையேன்னு இருக்கு, சிதைக்க வாடான்னு கூப்பிடற பாட்டு.

பொம்மைங்க நெறைய இருக்குங்க, லைட்டு எரியும், பாடும், ஆடும், எல்லாம் பெட்டிக்குள்ளயே கெடக்கு. டம்ளரும் இட்லித் தட்டும் மூடியும் போதும் இவங்களுக்கு. ஃபோன் காட்டறது கெடையாது, அது மருமக போட்ட ரூல். உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லியிருக்காம், ஒரு வயசுக்குள்ள ஸ்க்ரீனே கூடாது, ரெண்டு வயசு வரைக்கும் வேண்டாம்னு, அவ படிச்சுக் காமிச்சா, எனக்கும் அது சரின்னு பட்டுச்சு. ஃபோன் இல்லாம சோறு எறங்குமான்னு நெறைய பேரு கேக்கறாங்க. எறங்குதுங்க. பருப்பு சாதத்த நெய் விட்டு நல்லா கொழைய மசிச்சு, பால்கனில காக்காவக் காட்டி, எதிர் வீட்டு மாடில காயற துணியக் காட்டி ஊட்டணும், நேரம் ஆகும் அவ்வளவுதான், நேரம்தான் எங்கிட்ட இருக்கே. முளைகட்டுன கேழ்வரகப் பாலெடுத்துக் கூழ் காச்சுனா பேரன் ரெண்டு கிண்ணம் கேப்பான். பேத்தி அவளா எடுத்துதான் திங்கணும், ஊட்டுனா கோவம் வரும். ஆனா தம்பிக்கு மட்டும் அவ ஊட்டணும். நான் கிண்ணத்தக் கையில வச்சுக்கிட்டு, அவ கையில ஸ்பூனக் குடுத்து, அவ கையோட என் கையையும் சேத்து வச்சு ஊட்டறேன். அவன் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி அவ வாயத் தொறந்துடறா. அவன் முழுங்குனா அவளும் முழுங்கறா.

மத்தியானம் தூக்கம். உத்தரத்துல கொக்கி எங்க மாமனார் காலத்துது, அதுல என்னோட பழைய சுங்குடிச் சேலையில தூளி. நல்லா தோச்சு தோச்சு மெத்துனு ஆயிட்ட சேலை, புதுச்சேலை கட்டுனா தூங்க மாட்டான். எங்க ஊரு தஞ்சாவூர்ப் பக்கம், எங்கம்மா பாடுன தாலாட்டுல மாமன்தான் எல்லாம் கொண்டு வருவாரு, பொன்னு கொண்டு வருவாரு, முத்து கொண்டு வருவாரு. பேத்தி தூளில நான் பாடும்போது மாமன்னா என் பையன். பேரன் தூளில மாமன் யாரு, சம்பந்தியம்மா பையன், பெங்களூர்ல வேலை பாக்கற புள்ள. ஒரு நாளு அந்தத் தம்பி ஃபோன் பண்ணப்ப பின்னாடி என் பாட்டு கேட்டிருக்கு, "அத்தை, நான் என்னெல்லாம் கொண்டு வர்றதா பாடறீங்க?"ன்னு கேட்டுச்சு. முத்துப் பதிச்ச தொட்டில்னு சொன்னேன். "ஈஎம்ஐ இருக்கு அத்தை, கொஞ்சம் பாத்துப் பாடுங்க"ன்னுச்சு. அடுத்த தடவை வரும்போது மரப்பாச்சி ஜோடி வாங்கிட்டு வந்துச்சு. இப்ப பாட்டுலயும் மாமன் மரப்பாச்சிதான் கொண்டு வர்றாரு.

நான் பாடுனா பேத்தி தூங்கிடுவா. பேரன் தூங்க மாட்டான். அவனத் தூங்க வைக்கறது எங்க வீட்டுக்காரரு, அவரு வாழ்க்கை பூரா அக்கவுண்ட்ஸ்ல இருந்தவரு, ஒரு பாட்டும் தெரியாது. ஒரு மத்தியானம் நான் குக்கர் வச்சிட்டு இருக்கேன், தூளில இவன் ஒரே அழுகை, இவரு ஆட்டிட்டே வாய்ப்பாடு சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு, மூவெட்டு இருபத்திநாலு, நாலெட்டு முப்பத்திரெண்டு, அந்தக் காலத்துல திண்ணைல உக்காந்து ராகம் போட்டு சொல்லுவாங்களே அதே மாதிரி. அழுகை நின்னுடுச்சு. எட்டெட்டு அறுபத்திநாலு வர்றதுக்குள்ள கண்ணு சொக்கிடுச்சு. அன்னில இருந்து அதுதான் தாலாட்டு. இதுல ஒரு அதிசயம், எட்டாம் வாய்ப்பாட்டுக்குத்தான் தூங்கறான். ஏழாம் வாய்ப்பாடு சொன்னா கண்ண நல்லா முழிச்சுப் பாக்கறான், ஒம்பதாவதுக்கு கால உதைக்கறான். இவரு விடாம எல்லாத்தையும் சொல்லிப் பாத்து, எட்டுல மட்டும் என்னமோ தாளம் உக்காருதுன்னு ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்காரு. கீழ பாய்ல படுத்திருக்கற பேத்தி கண்ண மூடிட்டே, இவரு "ஈரெட்டு பதினா"ன்னு இழுத்தா, "ஆறு"ன்னு முடிச்சு வைக்கறா. எங்க முடிக்கணுமோ அங்கல்லாம் அவளுக்கு "ஆறு"தான், அறுபத்திநாலுக்கும் ஆறுதான். ஆனா சுருதி தப்பறது இல்ல.

சாயங்காலம் வெயில் தாழ்ந்தா வெளிய. தள்ளுவண்டி ஒண்ணு வாங்கி வச்சிருக்கோம், எங்க தெருவுல பிளாட்பாரத்துல பைக் நிக்கறதால தள்ள முடியாது, இடுப்புலதான் ஒருத்தன், அவரு தோள்ல ஒருத்தி. பாண்டி பஜார்ல 2019ல நடைபாதைய அகலமாக்கிப் போட்டாங்களே, அங்க கொண்டு போனா மட்டும் வண்டி வழுக்கிட்டுப் போகுது, ரெண்டு பேரும் ராஜா ராணி கணக்கா கால் மேல கால் போட்டு உக்காந்துட்டு வர்றாங்க. அந்த மாதிரி நடைபாதை மாம்பலத்துத் தெருவுங்களுக்கும் வந்தா எங்கள மாதிரி ஆளுங்களுக்குப் பெரிய உதவி, இதையும் நீங்க எழுதணும்னு கேட்டுக்கறேன். மத்த நாளுல்லாம் ஸ்டேஷன்தான். மாம்பலம் ஸ்டேஷனையும் தி.நகர் பஸ் ஸ்டாண்டையும் சேத்து 2023ல ஆகாய நடைபாதை திறந்தாங்கல்ல, அதுக்குப் போற மேம்பாலத்துல ஓரமா நின்னு ரயில் பாக்கறது. பீச் போறது ஒரு பக்கம், தாம்பரம் போறது ஒரு பக்கம். இவரு வழக்கம் போல, இந்த லைன் 1931லயே கரண்ட்ல ஓட ஆரம்பிச்சது தெரியுமாடான்னு பேரனுக்கு ஹிஸ்டரி சொல்லுவாரு, அவன் ரயில விட்டுட்டு அவரு வாயையே பாப்பான். பேத்தி எல்லா ரயிலுக்கும் டாட்டா காட்டுவா. ஒரு நாள் ஜன்னலோரம் நின்னுட்டிருந்த ஒரு காலேஜ் பையன் மேல பாத்து திரும்பக் கை காட்டிட்டான். அவ்வளவுதான், அந்த ரயிலு போயி அடுத்த ரயிலு வந்து அதுவும் போற வரைக்கும் கைய எறக்கல. வீட்டுக்கு வந்து கேஸ்காரர், கீரைக்காரம்மா, லிஃப்ட்டு, எல்லாத்துக்கும் டாட்டா.

சம்பந்தியம்மா கும்பகோணத்துல இருந்து வந்தாங்கன்னா வீடு ரெண்டு மடங்கு கலகலப்பு. அவங்களுக்கு வசம்பு கருக்கி நாக்குல தடவணும், தேன் தொட்டு வைக்கணும், அப்பதான் பேச்சு நல்லா வரும்னு. தேன் ஒரு வயசு வரைக்கும் குடுக்கவே கூடாது, அதுல வர்ற கிருமி இந்த வயசுக் குடலுக்குத் தாங்காதுன்னு டாக்டர் சொன்னத நான் சொன்னேன், வசம்பும் உள்ளுக்கு வேண்டாம்னுட்டாரு. அவங்க கோச்சுக்கல, "சரிங்க சம்பந்தி, பேரு சொல்லாதத தூளிக் கயித்துலயாவது கட்டுவோம்"னாங்க, வசம்பத்தான் அப்படிச் சொல்லுவாங்க. கை எட்டாத உயரத்துல கட்டியாச்சு, அவங்களுக்கும் திருப்தி, டாக்டருக்கும் தொந்தரவு இல்ல. சாயங்காலம் உப்பு மொளகா வச்சு சுத்திப் போட்டாங்க, எங்க பேத்தி உத்து உத்துப் பாத்தா. மறுநாள் காலைல இருந்து வீட்டுல யாருக்கும் திருஷ்டி பாக்கி இல்ல. சின்னக் கைய மூடிக்கிட்டு, தம்பி தலையச் சுத்தி தூ தூ தூ, தாத்தா முட்டியச் சுத்தி தூ தூ தூ, ஃப்ரிட்ஜுக்கு ஒரு தடவ, ஆவின் பாக்கெட்டுக்கு ஒரு தடவ. தடுப்பூசி போட்டப்பவும் இதேதான். புதன்கிழமை ரெண்டு பேரையும் ஒண்ணாக் கூட்டிட்டுப் போனோம், அவனுக்கு ஒம்போது மாசத்து எம்ஆர், அதான் தட்டம்மை ரூபெல்லா ஊசி, முதல் டோஸ், அவளுக்கு அதே ஊசி ரெண்டாவது டோஸ். அவன் நர்ஸம்மாவப் பாத்து கை தட்டிட்டே இருந்தான், குத்துனதும் ஒரு நிமிஷம் என்ன நடந்துச்சுன்னு யோசிச்சுட்டு அப்புறம்தான் அழுதான். அவளும் போட்டுக்கிட்டு ஒரு அழுகை அழுதா, அழுதுட்டே என் மடில இருந்து எறங்கிப் போயி, அந்த நர்ஸம்மா காலச் சுத்தி தூ தூ தூன்னு சுத்திப் போட்டுட்டு வந்தா. அந்தம்மா நாற்காலில உக்காந்து சிரிச்ச சிரிப்பு இருக்கே, வரிசையில இருந்த தாய்மாருங்க எல்லாம் எட்டிப் பாத்தாங்க.

இதெல்லாம் ஆபீஸ்ல இருக்கற அம்மாங்களுக்குத் தெரிய வேண்டாமா. வீடியோ எடுத்து அனுப்பலாம்தான், ஆனா ஃபோன எடுத்தாலே பேரன் வாய்ல வச்சுக்கறான். அதனால நான் ஒரு வழி வச்சிருக்கேன், தினசரி காலண்டர்ல கிழிக்கற தாள் இருக்குல்ல, அந்தத் தாளுக்குப் பின்னாடி அன்னிக்கு நடந்தத ரெண்டு வரி எழுதி வச்சிடுவேன். "நிலான்னு தெருவெளக்கக் காமிச்சா, இல்லன்னு சொன்னா ஒத்துக்கல." "தாத்தா செருப்ப நக்கிட்டான், கழுவியாச்சு." "உக்காரும்போது நான் சொல்ற மாதிரியே அப்பா முருகான்னு சொல்லிட்டு உக்காந்தா." இப்படி. அவளுக்கு ஒண்ணு இவனுக்கு ஒண்ணுன்னு ஒரே தாளுல ரெண்டு பக்கமா பிரிச்சு எழுதறேன். மருமக சாயங்காலம் கால் கழுவிட்டு வந்ததும் முதல்ல அததான் தேடுவா. பொண்ணு ஃபோட்டோ எடுத்துக்கிட்டு, தாள இங்கயே பிஸ்கட் டப்பால போட்டு வைன்னு சொல்லிடுவா. முன்பக்கம் நல்ல நேரம் ராகுகாலம், பின்பக்கம் இவங்க.

இப்ப உங்களுக்கு ஒண்ணு கேக்கத் தோணும், எல்லாப் பாட்டிக்கும் இப்படி அமையுமான்னு. அமையாதுதான், எனக்கு இது தானா அமையலைங்க. கொழந்த பொறக்கறதுக்கு முன்னாடியே பொண்ணு, பையன், மருமக மூணு பேரும் உக்காந்து எங்ககிட்ட கேட்டாங்க, முடியுமா, எவ்வளவு முடியும், எது முடியாதுன்னு. ராத்திரி நான் பாத்துக்க மாட்டேன்னு சொன்னேன், சனி ஞாயிறு எனக்கு லீவு வேணும்னு சொன்னேன், தூக்கிட்டுப் படி ஏற மாட்டேன்னு சொன்னேன். ஒத்துக்கிட்டாங்க. சமையலுக்கு ஒரு அம்மா வர்றாங்க, வீடு தொடைக்க ஆளு இருக்கு. சாயங்காலம் ஆறரைக்கு யாராவது ஒருத்தர் வந்து கைமாத்திப்பாங்க, லேட் ஆகும்னா முன்னாடியே ஃபோன் வந்துடும். இவ்வளவும் இருக்கறதாலதான் எனக்கு டம்ளர் அடுக்கறதப் பாக்க நேரம் கெடைக்குது. சமையலும் நான், துணியும் நான், ராத்திரியும் நான்னா எனக்கும் அது பாரமாத்தான் இருந்திருக்கும். பாரம் புள்ளைங்க இல்ல, மத்த வேலைங்க எல்லாத்தையும் சேத்து ஒரு ஆள் தலையில வைக்கறதுதான்.

50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற எடத்துல கொழந்தைங்க காப்பகம் இருக்கணும், தாய் ஒரு நாளைக்கு நாலு தடவ போயிப் பாத்துட்டு வரலாம்னு அதே 2017 சட்டத் திருத்தத்துல வந்தது. அது எல்லா எடத்துலயும் நடந்தா முடியாத பாட்டிங்களுக்கு ஓய்வு கெடைக்கும், அதுக்கு நீங்க எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடறேன். பாட்டிங்கள விடுவிக்கணும்னு எழுதும்போது எல்லாப் பாட்டியும் தப்பிச்சு ஓடக் காத்துட்டு இருக்கற மாதிரி எழுதாதீங்க, அவ்வளவுதான் என் வருத்தம். எங்க வீட்டுப் பக்கத்துலயே என்ன மாதிரி பாட்டிங்க எத்தன பேரு இருக்காங்க, சாயங்காலம் ஸ்டேஷன் பாலத்துல பாத்தா இடுப்புல ஒண்ணோட நிக்கறாங்க, பேச ஆரம்பிச்சா நிறுத்த முடியாது, என் பேரன் இப்படி பண்றான் உங்க பேத்தி எப்படின்னு. அந்தப் பேச்செல்லாம் காத்தோட போயிடுது.

அதனால என் கோரிக்கை இதுதான். ஞாயித்துக்கிழமை பக்கத்துல, ராசிபலனுக்குப் பக்கத்துலயோ எங்கயோ, ஒரு சின்னக் கட்டம் ஒதுக்குங்க. பாட்டிங்க, தாத்தாங்க அன்னன்னிக்குப் பாத்தத நாலு வரில எழுதி அனுப்பட்டும், புள்ளைங்க பேரோ ஃபோட்டோவோ வேண்டாம், நடந்தது மட்டும் போதும். எழுத வராதவங்க சொல்லச் சொல்ல வீட்டுல யாராவது எழுதிக் குடுப்பாங்க, எங்க பாலத்து பாட்டிங்களுக்கு வேணும்னா நானே எழுதித் தர்றேன். நீங்க சரின்னு சொன்னா முதல் வாரத்துக்கு பிஸ்கட் டப்பால இருந்து ரெண்டு தாள் அனுப்பி வைக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு ரிட்டயர்டு தமிழ் டீச்சர்,
மேற்கு மாம்பலம், சென்னை - 33